டைவ் கம்ப்யூட்டருக்கு வீட்டிலேயே பேட்டரி மாற்றியது: பள்ளத்தூரிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு வந்த கருவி, கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர். பார்க்க வாட்ச் மாதிரி இருந்தாலும் மணி காட்டுவது அதற்கு உபதொழில்தான். கடலுக்கடியில் எத்தனை மீட்டரில் எத்தனை நிமிடம் இருந்தோம் என்பதை வைத்து, உடம்பில் எவ்வளவு நைட்ரஜன் ஏறியிருக்கிறது, இன்னும் எவ்வளவு நேரம் தங்கலாம், எந்த வேகத்தில் மேலே வரலாம் என்று சில விநாடிக்கு ஒருமுறை கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். ஏறிய நைட்ரஜன் இறங்கும்முன் வேகமாக மேலே வந்தால் அது உடம்புக்குள் குமிழியாகி ஆளை வீழ்த்திவிடும். இந்தக் கணக்குகளில் பிரபலமானது சூரிச் மருத்துவர் ஆல்பர்ட் பியூல்மன் வகுத்தது. உடம்பை 16 வகைத் திசுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வாயு ஏறி இறங்கும் வேகத்தைத் தனித்தனியாகப் பார்ப்பது அது. பாதி டைவில் பேட்டரி செத்தால் அந்தக் கணக்கும் போச்சு. அதனால்தான் சாதாரண வாட்ச் பேட்டரி விஷயத்துக்கு இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

கருவியின் சொந்தக்காரன் என் சின்னம்மா மகன். அந்தமானில் ஹேவ்லாக்கில், இப்போதைய பெயர் ஸ்வராஜ் தீப், ஸ்கூபா, அதாவது முதுகில் காற்று உருளையோடு கடலுக்கடியில் நீந்துவதற்கு, வழிகாட்டியாக இருக்கிறான். தை மாதக் கல்யாணத்துக்குப் பள்ளத்தூர் வந்தவன் இதை என் கையில் கொடுத்தான். நான் காரைக்குடியில் எலெக்ட்ரானிக் தராசு சர்வீஸ் செய்கிறவன். பட்டன் செல்லும் உப்புப் படிந்த தொடுமுனையும் எனக்குப் புதிதல்ல. தண்ணீருக்குள் போகிற கருவி மட்டும்தான் புதிது.

புகார் இரண்டு. ஒன்று, திரை விளக்கைத் தட்டினால் திரையே அணைந்து, மறுபடி தானாக எழுகிறது. இரண்டாவதுதான் என்னை யோசிக்க வைத்தது. சீசன் தொடங்கும்முன் ஒரு நகரத்து வாட்ச் கடையில் புது பேட்டரி போட்டிருக்கிறான். ஒரு வருடத்துக்குக் குறையாமல் வரவேண்டியது, சில மாதத்திலேயே தீர்ந்துவிட்டது. வெறுமனே இன்னொரு செல் போட்டுக் கொடுத்தால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

திறக்கும்முன்

முதலில் கேட்டது, கடைசியாக எப்போது தண்ணீரில் இறங்கினாய் என்பதுதான். பல மாடல்களில் பேட்டரியை எடுத்தால் உடம்பில் மிச்சம் இருக்கும் நைட்ரஜன் கணக்கு அழிந்துவிடும். புது பேட்டரி போட்டதும் கருவி, 'இந்த ஆள் டைவே செய்ததில்லை' என்று நினைத்து, அடுத்த டைவுக்குத் தாராளமாக நேரம் கொடுக்கும். கருவி பிழைத்துக்கொள்ளும், கட்டியிருப்பவருக்குத்தான் ஆபத்து. எனவே இரண்டு டைவுக்கு நடுவில் படகில் உட்கார்ந்து பேட்டரி மாற்றுவது கூடவே கூடாது. திரையில் நைட்ரஜன் இறங்கும் நேரம் பூஜ்யமாகி, குறைந்தது ஒரு நாள் போகட்டும். இவன் விமானம் ஏறி ஊர் வந்து கல்யாண வீட்டில் பந்தி விசாரித்துக்கொண்டிருந்தவன், அந்தக் கவலை இல்லை.

இரண்டாவது, பின்பக்கத்தைப் பார்ப்பது. இதில் காசு நுழைகிற மாதிரி வெட்டுப்போட்ட வட்ட மூடி, பூட்டு-திறப்பு அடையாளத்தோடு இருந்தது. உபயோகிப்பவரே மாற்றலாம் என்று கையேட்டிலும் இருக்கிறது. பின்மூடி முழுவதும் நான்கு திருகில் நிற்கிற மாடல்களும், உள்ளேயே சார்ஜ் ஏறுகிற மாடல்களும் வேறு சாதி. கையேடு 'சர்வீஸ் மையத்துக்கு அனுப்பு' என்று சொன்னால் அனுப்பிவிடுவதுதான் என் கட்சி. அங்கே அழுத்தத் தொட்டியில் வைத்துச் சோதித்துக் கொடுப்பார்கள், நம் வீட்டில் அது கிடையாது.

மூன்றாவதாக ஒன்று கேட்காமலே தெரிந்தது. மேசைமேல் காய்ந்து கிடக்கிற கருவி தூங்கப் போகாமல், டைவுக்குத் தயாராக இருக்கும் திரையிலேயே நின்றது. இந்தக் கருவிகளில் தண்ணீர்த் தொடுமுனைகள் உண்டு. பட்டன் தண்டு ஒன்று, பின்புறம் ஒரு சின்ன உலோகப் புள்ளி. இரண்டுக்கும் நடுவே தண்ணீர் வந்து மின்சாரம் கடத்தினால், 'கடலில் இறங்கிவிட்டோம்' என்று கருவி விழித்துக்கொள்ளும். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். ஈரமே இல்லாத நிலையில் இரண்டுக்கும் நடுவே மின்சாரமே போகாத திறந்த சுற்றாக இருக்க வேண்டும், சில நூறு கிலோ ஓம் காட்டியது. காய்ந்த உப்பு. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அந்த ஈரம் போதும். டைவ் முடிந்ததும் ஈர உடுப்போடு சேர்த்து ஒரே பைக்குள் போட்டுவிடுவது இவன் வழக்கம். ராத்திரி முழுக்கக் கருவி கடலுக்கடியில் இருப்பதாகவே நினைத்து முழித்துக் கிடந்திருக்கிறது. பேட்டரி சீக்கிரம் தீர்ந்ததற்குப் பாதி விடை மூடியைத் திறக்காமலே கிடைத்துவிட்டது.

வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் ஊறவைத்து, ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவமும் மெல்லிய பல்துலக்கியும் கொண்டு தேய்த்ததில் சரியானது. சமையல்கட்டிலிருந்து புளி சிபாரிசு வந்தது. பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி சரி, இதற்கு அமிலம் எதுவும் வேண்டாம். துடைத்துக் காயவைத்ததும் மீட்டர் முள் அசையவில்லை, கருவியும் கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனது.

செல்லும் கிட்டும்

இதில் உட்காருவது சி.ஆர். 2430. இந்த எண்ணில் எல்லாம் சொல்லியிருக்கும்: விட்டம் 24 மி.மீ., தடிமன் 3.0 மி.மீ. தராசுக்கும் கார் சாவிக்கும் போடுகிற 2032 காரைக்குடியில் எந்தக் கடையிலும் கிடைக்கும், ஆனால் அது 20 மி.மீ., தடிமன் 3.2. தாளை மடித்து வைத்து இறுக்கிவிடலாம் என்பவர்கள் இருக்கிறார்கள். அலைக்கு அசைந்து ஒரு விநாடி தொடர்பு விட்டாலே கருவி அணைந்து எழும், கணக்கு போய்விடும். ஒரு கடையில் 2450 எடுத்துக் காட்டினார்கள். விட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான், தடிமன் 5 மி.மீ., மூடி மூடவே மூடாது. எல்.ஐ.ஆர். என்று தொடங்கும் சார்ஜ் செய்யும் வகையைத் தொடவே வேண்டாம். முழுதாக ஏறினால் அது 4.2 வோல்ட் வரை போகும், இந்தக் கருவிகள் 3 வோல்ட்டுக்குச் செய்தவை.

"மின்வேதியியல் ஆய்வகம் வச்சிருக்கிற ஊருல ஒரு பட்டன் செல் கிடைக்கலையாண்ணே?" என்று சிரித்தான் தம்பி. காரைக்குடிக்காரன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, நேரு 1948 ஜூலை 25 அன்று அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த ஆய்வகம் அது. பேட்டரி, உலோக அரிமானம் இரண்டிலும் அங்கே பெரிய வேலைகள் நடக்கின்றன. செல் விற்பது அவர்கள் வேலை இல்லை.

கடைசியில் சென்னையிலிருந்து கூரியரில் கிட் வந்தது. செல், மூடி வழியே தண்ணீர் புகாமல் அடைக்கும் புது ரப்பர் வளையமான ஓ-ரிங், துளி சிலிக்கான் கிரீஸ், மூன்றும் ஒரே பாக்கெட்டில். கிட் என்றால் விலை கூடத்தான் வரும். ஆனால் இந்த வேலையில் விலைபோகும் சரக்கு செல் அல்ல, அந்த ஓ-ரிங்தான். இரும்புக்கடை ரிங் டப்பாவில் தேடி அதே அளவில் ஒன்றை எடுத்துவிடலாம் என்றுகூடத் தோன்றும். மூடும்போது வளையம் தன் தடிமனில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு நசுங்கி நின்றால்தான் தண்ணீரைத் தடுக்கும். இந்த வளையத்தின் தடிமன் ஒரு மி.மீ. அப்படியானால் நசுங்கல் 0.2 மி.மீ.தான். கடை வளையம் 0.1 மி.மீ. மெலிந்திருந்தால் பாதி நசுங்கல் போய்விட்டது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

மூடிக்குள் இருந்தது

முற்றத்தில் வெளிச்சம் நன்றாக இருக்கும், ஆனால் கல்யாண வீட்டில் அங்கே தூசும் பிள்ளைகளும். இரண்டாம் கட்டில் ஒரு அறையில், மின்விசிறியை நிறுத்தி, மேசையில் வெள்ளைத் துணி விரித்து உட்கார்ந்தோம். நேரம் மத்தியானம். மழையோ பனியோ உள்ள நேரத்தில் திறந்தால் அந்த ஈரக் காற்றும் உள்ளேயே அடைபடும். அப்புறம் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படியும்.

திறக்கும்முன் வெளிப்புறம் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும், மூடியின் வெட்டுக்குள் ஒளிந்திருக்கும் சொட்டு உட்பட. காசை வைத்துக் கால் சுற்று திருப்பியதும் மூடி கிளம்பியது.

செல் பளபளவென்றுதான் இருந்தது. மீட்டரில் 2.86 வோல்ட். இதைப் பார்த்து 'நல்லாத்தான் இருக்கு' என்று திரும்பப் போட்டுவிடுபவர்கள் உண்டு. லித்தியம் பட்டன் செல் சாகிற வரைக்கும் வெறும் வோல்ட்டைக் கிட்டத்தட்டக் குறையாமல் காட்டும். சுமை கொடுத்துப் பார்க்க வேண்டும். 470 ஓம் ரெசிஸ்டரைக் குறுக்கே வைத்ததும் 2.2-க்குச் சரிந்தது. புது செல்லை அதே மாதிரி பார்த்தபோது 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை. விளக்கைத் தட்டினால் திரை அணைந்ததற்குக் காரணம் இதுதான். விளக்கும் பீப் ஒலியும்தான் கருவியில் அதிகம் மின்சாரம் இழுப்பவை.

அடுத்து வளையம். நகை ஆசாரி ஒருவர் என் தராசு வாடிக்கையாளர். வைரத்தோட்டின் கல் பார்க்கிற அவருடைய பத்து மடங்கு உருப்பெருக்கியை, லூப் என்பார்கள், இரவல் வாங்கி வைத்திருந்தேன். அதில் பார்த்தபோது மூன்று விஷயம் தெரிந்தது. வளையத்தின் ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது, அதாவது பழைய வளையத்தையே மறுபடி போட்டு மூடியிருக்கிறார்கள். கிரீஸ் என்பது பெயருக்குக்கூட இல்லை, ரப்பர் வறண்டு ஓரிடத்தில் முறுக்கிக்கொண்டிருந்தது. அந்த முறுக்குக்குப் பக்கத்தில் துணி நூலோ தலைமுடியோ ஒரு இழை, வளையத்தின் குறுக்கே படுத்திருந்தது. இழை போன வழியே உள்ளே ஒரு மெல்லிய உப்புக் கோடு, அது முடிகிற இடத்தில் எதிர்முனை ஸ்பிரிங்கில் பச்சையும் பழுப்புமாக ஒரு கறை. உப்பு ஈரம், இரண்டு வெவ்வேறு உலோகம், நடுவில் 3 வோல்ட்: அரிமானத்துக்கு வேண்டிய சாமான் அத்தனையும் தயார்.

மீதிப் பாதி விடை இதுதான். தண்ணீர் சொட்டுச் சொட்டாகக்கூட வரவில்லை, கசிந்திருக்கிறது. பல மாடல்களில் பேட்டரி அறையும் கருவியின் மூளை இருக்கும் அறையும் தனித்தனி. இதுவும் அப்படி இருந்ததால் பிழைத்தது.

கறையைச் சுத்தமான ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவில்லை. ஸ்பிரிங்கின் முலாம் போனால் துரு அங்கேதான் அடுத்து பிடிக்கும்.

பழைய வளையத்தை எடுப்பதில் ஒரு நிதானம் வேண்டும். ஊசி, சேஃப்டி பின், ஸ்க்ரூடிரைவர் எதுவும் கூடாது. வளையம் போனால் போகட்டும், அது உட்காரும் பள்ளத்தில் ஒரு கீறல் விழுந்தால் எத்தனை புது வளையம் போட்டாலும் அந்தக் கீறல் வழியே தண்ணீர் வரும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையத்தின்மேல் எதிரெதிரே வைத்து ஒன்றை நோக்கி ஒன்றைத் தள்ளினால் நடுவில் ஒரு வளைவு மேலே எழும், அதைப் பிடித்து உருவிவிடலாம். பள்ளத்தை நார் உதிராத துணியால் துடைத்து லூப்பில் மறுபடி ஒரு சுற்று பார்த்தேன். பஞ்சுக்குச்சி பள்ளத்துக்கு ஆகாது, அது ஒரு இழையை விட்டுவிட்டுத்தான் போகும்.

புது வளையத்துக்குக் கிரீஸ், ஒரு கடுகளவு. விரல்களுக்கிடையே உருட்டினால் வளையம் மினுமினுக்க வேண்டும், வெள்ளையாக அப்பி நிற்கக் கூடாது. கிரீஸ் தண்ணீரை நிறுத்துவதில்லை, வளையம் முறுக்காமல் வழுக்கி உட்காரத்தான் அது. அதிகம் போட்டால் மணலையும் முடியையும் கூப்பிட்டு வைத்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், வழிந்துவிடும், நாளானால் பிசுக்காகும். வாசலின் சில வகை ரப்பரை ஊதவைக்கும். இந்தக் கிட்டில் சிலிக்கான் கிரீஸ் என்று கொடுத்ததால் அதைப் போட்டேன். வளையமே சிலிக்கான் ரப்பராக இருந்தால் அதுவும் ஆகாது, அதனால் கையேடு சொல்வதைத் தாண்டிப் போகாமல் இருப்பது நல்லது.

செல்லை ஓரத்தில் பிடித்து, கூட்டல் குறி மேலே பார்க்க வைத்தேன். இரும்புச் சாமணத்தால் பிடித்தால் இரண்டு முனையும் ஒட்டி செல் வீணாகும். மூடியை அடையாளக் கோடுகளை நேராக வைத்துச் சமமாக அழுத்தி, அழுத்தியபடியே திருப்ப வேண்டும். வளையம் எங்காவது பிதுங்கினால் கைக்குத் தெரியும், ஒரு ஓரம் தூக்கி நிற்கும். பூட்டுக் குறியோடு நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் ஒரு இழுப்பு இழுத்தால் பிளாஸ்டிக் பல் உடையும்.

பழைய செல்லின் இரு பக்கமும் டேப் ஒட்டி, உயரத்தில் வைத்தேன். வளவு நிறையப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்த வீடு. தீர்ந்துபோன பட்டன் செல் ஒன்றும் செய்யாது என்று நினைக்கிறார்கள். 2.86 வோல்ட் இன்னும் இருக்கிறதே. பிள்ளை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே கடுமையான புண்ணாக்கிவிடும். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே நேராக ஆஸ்பத்திரிதான்.

கிணற்றில் இறக்கியது

வாளித் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது ஒரு சோதனையே அல்ல என்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பார், அதாவது ஒரு சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய ஒரு கிலோ, கூடும். 40 மீட்டரில் நம் மூடியின்மேல் கூடுதலாக 4 பார். மூடியின் விட்டம் 30 மி.மீ. என்றால் பரப்பு சுமார் 7 சதுர செ.மீ., அதன்மேல் ஒரு அரிசிச் சிப்பத்தைத் தூக்கி வைத்ததுபோல் ஏறக்குறைய 28 கிலோ. வாளி அதில் நூற்றில் ஒரு பங்குகூடக் கொடுக்காது.

ஆனால் அந்த 28 கிலோ எதிரி மட்டுமல்ல. ஆழம் கூடக்கூட தண்ணீரே வளையத்தைப் பள்ளத்தின் சுவரோடு அழுத்திப் பிடிக்கும். சரியாக உட்காராத வளையம், முடி அகப்பட்ட வளையம் இதெல்லாம் பெரும்பாலும் முதல் சில மீட்டரிலேயே கசியத் தொடங்கும். அந்தச் சில மீட்டர் எங்கள் வீட்டுப் பின்கட்டில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகப் பெய்திருந்ததால் கிணற்றில் தாராளமாகத் தண்ணீர்.

வெங்காயம் வருகிற நைலான் வலைப்பையில் கருவியைப் போட்டு, பழைய இரும்பு எடைக்கல் ஒன்றைத் தனியாகத் துணியில் சுற்றிக் கீழே கட்டினோம். கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சு. முதலில் ஒரு முழம் ஆழத்தில் நிறுத்தி, தண்ணீர் கலங்கல் அடங்கியபின் குமிழி வருகிறதா என்று பார்த்தோம். ஒரே இடத்திலிருந்து விடாமல் குமிழி வந்தால் உடனே தூக்கிவிட வேண்டும். வலையில் ஒட்டியிருந்த ஒன்றிரண்டு தவிர வேறு வரவில்லை. அப்புறம் ஐந்தாவது முடிச்சு தண்ணீர் மட்டத்துக்கு வரும்வரை இறக்கி, கயிற்றைத் தூணில் கட்டினோம்.

"கெணத்துக்குள்ள எதப்பா எறக்குறீக?" என்று கேட்டபடி வந்தார் அப்பத்தா. தம்பி விளக்கினான். கடலுக்குள் போகிற கடிகாரத்துக்குக் கிணறு எம்மாத்திரம் என்று சொல்லிவிட்டு, கயிறு அறுந்தால் யார் இறங்குவது என்று முக்கியமான கேள்வியைக் கேட்டார். இறங்குகிற தொழிலே அவனுடையதுதான்.

இருபது நிமிடம் கழித்துத் தம்பி கயிற்றை இழுத்தான். பாதி வழியில் கிணற்றுக்குள்ளிருந்து பீப் பீப் என்று ஒரே கூச்சல். நிமிடத்துக்குச் சுமார் 10 மீட்டருக்குமேல் வேகமாக எழும்பினால் எச்சரிக்க வேண்டும் என்பது அதன் கடமை. ஆக அழுத்த உணரியும் ஒலியும் ஒழுங்காக இருக்கின்றன, புது செல் அந்தச் சுமையையும் தாங்குகிறது. மூன்றும் ஒரே இழுப்பில் தெரிந்துவிட்டது.

பதிவைத் திறந்து பார்த்தால் அதிகபட்ச ஆழம் 16.

தம்பி முகம் மாறிவிட்டது. உணரி போச்சு என்று நினைத்துவிட்டான். பேட்டரி எடுத்ததும் கருவி தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பியிருக்கிறது, அந்த அமைப்பில் அளவு அடி. 16 அடி என்பது 4.9 மீட்டர். கயிறு சொன்னது 5. கருவி உப்புத் தண்ணீரை மனதில் வைத்து ஆழம் கணக்கிடுவது, கடல் நீர் நல்ல தண்ணீரைவிட இரண்டரை மூன்று சதவீதம் கனம். அந்த வித்தியாசத்தைச் சேர்த்தால் கணக்கு நேராக வருகிறது. உணரி சரியாக இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வீட்டில் கிடைக்காது.

ஆனால் அந்த 16 என்னைக் கொஞ்சம் உலுக்கியது. கிணற்றில் சிரித்துக்கொள்ளலாம். நைட்ராக்ஸ் என்கிற ஆக்சிஜன் கூட்டிய வாயுவின் ஆக்சிஜன் சதவீதம், டைவ் செய்யும் இடம் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்ற உயர நிலை, எச்சரிக்கை அளவு எல்லாம் இதே போலச் சத்தமில்லாமல் பழைய இடத்துக்குப் போயிருக்கும். 32 சதவீத வாயுவைச் சுவாசித்துக்கொண்டு கருவி 21 என்று நினைத்தால், நைட்ரஜன் கணக்கில் அது பத்திரம்தான், ஆக்சிஜன் நச்சுக் கணக்கில் இல்லை. தம்பியை உட்காரவைத்து ஒவ்வொரு பட்டியலாகத் திறந்து, வாய்விட்டுப் படித்துச் சரிசெய்யச் சொன்னேன். தேதி, மணி கடைசி.

வெளிப்புறம் துடைத்தபின் மூடியைத் திரும்பத் திறந்து பார்க்கும் ஆசை வந்தது தம்பிக்கு. திறந்தால் வளையத்தை மறுபடி உட்காரவைக்க வேண்டும், சோதனையும் முதலிலிருந்து. அதற்குப் பதில் வாட்ச் வேலைக்காரர்கள் செய்கிற வழி இருக்கிறது. கருவியைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கி, கண்ணாடியில் ஐஸ் தண்ணீர் ஒரு சொட்டு வைத்து, ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பார்ப்பது. உள்ளே ஈரம் இருந்தால் அந்த இடத்தில் உள்பக்கம் பனி படியும். படியவில்லை.

ஒரு சின்னத் தொந்தரவு பாக்கி. கிணற்றில் இறங்கியதைக் கருவி டைவ் என்றே பதிந்துகொண்டு, விமானம் ஏறாதே என்ற குறியைக் காட்டத் தொடங்கிவிட்டது. தம்பிக்குப் பயணத்துக்கு இன்னும் நாள் இருந்தது, அதுவாக அழிந்துபோனது. கிளம்புகிற அன்று காலையில் இந்தச் சோதனையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஹேவ்லாக் திரும்பியதும் முதல் டைவில் இதை மட்டும் நம்பி இறங்காதே என்று சொல்லி அனுப்பினேன். இன்னொரு கருவியையும் கட்டிக்கொண்டு, ஐந்து மீட்டரில் கயிற்றைப் பிடித்து நின்று இரண்டையும் பார்த்தபின் அதற்குமேல் ஆழம் போயிருக்கிறான். 12 மீட்டரில் இரண்டுக்கும் வித்தியாசம் 0.2 மீட்டர். பேட்டரி அறை உலர்ந்தே இருக்கிறது. இப்போது ஒவ்வொரு டைவுக்கும் பின் நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, ஈர உடுப்பில்லாத தனி டப்பாவில் வைக்கிறான், திரை தூங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுக்கிறானாம். ஆடி மாதம் சீசன் இல்லாதபோது வருகிறான். கூட வேலை செய்பவர்களின் கருவிகள் சிலவற்றையும் எடுத்து வருவதாகச் செய்தி அனுப்பியிருக்கிறான். கிட் இல்லாமல் வருகிற எதையும் திறக்க மாட்டேன் என்று பதில் போட்டிருக்கிறேன்.